வயரிங் சரிவரட்டும்

"இருட்டுக்குள்ள வெச்சி போன்ல என்னத்தக் காட்டுற? அவன் அங்க இருந்து அழுறான், ஒண்டும் தெரியல்ல, கறுப்பாத்தான் கிடக்கு எண்டு."

"டோர்ச் அடிச்சிக் காட்டினன்தானே."

"டோர்ச் அடிச்சா அப்பாட முகம் அப்பாட முகம் மாதிரியா இரிக்கு? பேயக் காட்டின மாதிரிக் காட்டினீங்க. வேணாம் அக்கா, நிப்பாட்டுங்க எண்டு அவனே சொல்லிட்டான்."

மகள் அஜந்தாவும் மருமகன் மதுரனும் குசினி வாசலில் நின்று பேசியது, ஹோலில் பிரேதத்தின் தலைமாட்டில் இருந்த மங்கையற்கரசிக்குத் தெளிவாகக் கேட்டது. ஒப்பாரி வைத்த பெண்கள் களைத்துப்போய் பிளேன்ரீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டின்மேல் மழை மட்டும் ஓயவில்லை. முந்தநாள் அடித்த காற்றில் ஆரையம்பதி முழுக்கக் கரண்ட் போனது, இன்னும் வரவில்லை. சார்ச் லைட்டுகள் ஒவ்வொன்றாக அணைந்துவிட்டன. மேலே கட்டியிருந்த வெள்ளைத் துணி பகலிலேயே சாம்பல் நிறமாகத் தெரிந்தது. குத்துவிளக்கின் வெளிச்சம் தங்கராசாவின் நாடிவரைக்கும் வந்து அங்கேயே நின்றுவிட்டது. அதற்குமேல் அவர் முகம் இருட்டுக்குள் இருந்தது.

நேற்று விடியக் கிணற்றடிக்கு முகம் கழுவப் போனவர், கிணற்றுக் கட்டில் சாய்ந்து இருந்தபடியே போய்விட்டார். வாளியில் அள்ளிய தண்ணீர் அப்படியே இருந்தது.

"பெட்டி எடுக்கப் போன ட்ரக்டர் வந்ததும் தூக்கோணும்," என்றான் மதுரன். "சவக்காலை ரோட்டுல தண்ணி ஏறுது. மறுகா நிண்டு யோசிக்க ஏலா."

"அப்ப தம்பி பாக்காமலா?"

தம்பி என்றால் விஜிதரன். கட்டாரில் கிரேன் ஓட்டுகிறான். அவனுக்கு நாளைக்குத்தான் விமானம்.

மதுரன் குரலைத் தாழ்த்தினான். "மாமாட கரவனுக்குள்ள ஒரு பெற்றரி இரிக்குத்தானே? அதுல ஒரு லைட்ட எரிய வெச்சாக் காணும்."

"அது செத்த பெற்றரி," என்றாள் மங்கையற்கரசி.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். நேற்றிலிருந்து அவள் பேசிய முதல் வார்த்தை அது.

"ஒருக்காப் பாப்பமே மாமி."

அவள் தங்கராசாவின் முகம் இருந்த இருட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு நிலத்தில் கையூன்றி எழுந்தாள். "சாவியக் கொண்டா புள்ள. அதுல எங்க தொடங்கி எங்க பாக்கிறெண்டு எனக்குத்தான் தெரியும்."

"பிரேதத்த விட்டுட்டு எங்க கா போற?" என்று பக்கத்து வீட்டுக்காரி கையைப் பிடித்தாள்.

"மகன் அப்பன்ட முகத்தப் பாக்கோணும்," என்றாள் மங்கையற்கரசி. "வந்திருவன்."

கரவன் ஹோல் யன்னலுக்கு எதிரே, வாவியைப் பார்த்தபடி நின்றது. வெள்ளைக்காரர்கள் வாகனத்தில் கொழுவி இழுத்துக்கொண்டு ஊர் ஊராய்த் திரியும் சக்கர வீடு. ரோட்டுப் போட வந்த வெளிநாட்டுக் கொம்பனி ஒன்று விட்டுப்போனதை, காத்தான்குடியில் பழைய சாமான் கடை வைத்திருக்கும் பாறூக் ஏலத்தில் எடுத்தார். அவரிடமிருந்து தங்கராசா வாங்கினார். அது வந்து சேர்ந்த நாளில் ஒழுங்கையே திரண்டு வந்து பார்த்தது. அதன்பிறகு "தங்கராசாட விமானம் எப்ப பறக்கிற?" என்று கேட்காமல் ஒருவரும் வளவைக் கடந்து போனதில்லை.

வாங்கியது அஜந்தாவின் கலியாணத்துக்கு முந்தின மாதம். மகளுக்குச் சீதனமாக வீட்டையும் வளவையும் எழுதிக் கொடுத்தாயிற்று. எழுதிக் கொடுத்தால் தாய் தகப்பன் அதே வளவில் ஒரு கொட்டில் போட்டுக்கொண்டு ஒதுங்குவது ஊர் வழக்கம். மங்கையற்கரசி கொட்டிலுக்குக் கிடுகுகூடச் சொல்லி வைத்திருந்தாள். "கொட்டில் என்னத்துக்கு?" என்றார் தங்கராசா. "நமக்கு இது இரிக்கு. இதுக்குள்ளதான் நாம ரெண்டு பேரும் சீவிக்கப் போறம். ஆயுசு முழுக்க பஸ் ஓட்டினன், உன்ன ஒரு இடத்துக்கும் கூட்டிக்கொண்டு போகல்ல. நான் பாத்த ஊரெல்லாம் உனக்குக் காட்டுறன். வயரிங் மட்டும் சரிவரட்டும்."

வயரிங் சரிவரவில்லை. உப்புக் காற்று என்றார். எலி கடித்தது என்றார். கடைசியாக எர்த் லீக் என்று முடிவுக்கு வந்தார். தகரத்தில் தொட்டால் கரண்ட் அடிக்கும், பேரப்பிள்ளைகளைக் கிட்ட விடாதே என்றார். கதவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் முடிந்துகொண்டார். வெயில் பட்டால் வயர் இளகும் என்று யன்னல்களுக்குக் கறுப்புப் பொலித்தீன் ஒட்டினார். பிழை எந்த நேரத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டுமென்று இரவிலும் அதற்குள்ளேயே படுக்கத் தொடங்கினார்.

அவள் குசினிக்குப் பக்கத்து அறையில், உன்னிச்சை வயலிலிருந்து வரும் நெல் மூட்டைகளுக்கு நடுவில் பாய் போட்டுக்கொண்டாள். கொஞ்ச நாளைக்குத்தானே. அந்தக் கொஞ்ச நாளில் அஜந்தாவின் மூத்தவன் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்தான்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அவளும் வேலைக்கு நின்றாள். பஸ் பல்பு ஒன்றில் இரண்டு வயர் முறுக்கி அவர் செய்த சோதனை பல்பைப் பிடித்துக்கொண்டு, ரப்பர்ச் செருப்போடு கரவனுக்கு வெளியே, பின்பக்கத்தில் வயர் கொழுவும் சொக்கட்டுக்குப் பக்கத்தில் நிற்பாள். உள்ளிருந்து அவர் கூப்பிடுவார்.

"வருதா?"

"வரல்ல."

"இப்ப?"

"இல்லங்க."

"இப்ப பாரு."

"ஒண்டும் இல்ல."

வெயிலில் நின்றிருக்கிறாள். தூறலில் ஒரு கையால் சீலைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். ஒவ்வொரு முறையும் "வரல்ல" என்று சொல்லும்போது, ஏதோ தான்தான் பிழை விட்டதுபோல அவளுக்கு வெட்கமாக இருக்கும். சரிவந்தால் முதல் பயணம் கதிர்காமம் என்று முருகனுக்கு நேர்ந்திருந்தாள். அதற்கு உடுக்க ஒரு சீலையும் எடுத்து, மடிப்புக் கலையாமல் வைத்திருந்தாள்.

இப்போது மதுரன் சாவியைத் திருப்பினான். தகரத்தைத் தொட அவன் தயங்கியது தெரிந்தது.

"அடிக்காது," என்றாள் அவள். "வெளிக் கரண்ட் இல்லத்தானே."

உள்ளே இருட்டு. மதுரன் தன் போனில் டோர்ச்சைப் போட்டான். சவர்க்காரமும் கோப்பித்தூளும் மணத்தன. பாழடைந்த இடத்தின் மணம் அல்ல அது. கதவோரம் ஆணியில் சோதனை பல்பு தொங்கியது. அவள் அதை எடுத்தாள்.

"முதல்ல பெற்றரி," என்றாள். "பெற்றரியில உசிர் இல்லாட்டி மற்றதெல்லாம் பாத்து வேலை இல்ல."

இருக்கைப் பலகையைத் தூக்கினார்கள். செத்த பெற்றரியின் முனைகளில் வெள்ளை மா பூத்திருக்கும் என்று அவர்தான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார். இங்கே முனைகள் துடைத்துச் சுத்தமாக இருந்தன. மேலே கிறீஸ் பூசியிருந்தது, விரல் அடையாளம்கூடத் தெரிந்தது. அவள் ஒரு வயரைக் கறுப்பிலும் மற்றதைச் சிவப்பிலும் வைத்தாள்.

பல்பு பளீரென்று எரிந்தது.

"அட! உசிரோட இரிக்கு மாமி!" மதுரனின் குரலில் செத்தவீட்டை மறந்த ஒரு சந்தோசம். "கழட்டித் தூக்கிட்டுப் போவம். லைட்ட அங்க வெச்சிக் கொழுவுவம்."

"பொறு மனே."

"நேரம் இல்ல மாமி."

"பொறு எண்டன்."

அவள் பல்பை எடுத்துவிட்டு மறுபடியும் வைத்துப் பார்த்தாள். அதே வெளிச்சம். அஜந்தாவின் கலியாணத்துக்கு முதல் வாங்கிய பெற்றரி இல்லை இது, அந்தப் பெட்டி பச்சை. இது கறுப்பு. பெற்றரி இவ்வளவு நல்லாக இருக்கிறது. அப்படியானால் கரண்ட் எங்கே போய் நின்றுவிடுகிறது?

பியூஸ் பெட்டியைத் திறந்தாள். ஒவ்வொன்றாகப் பிடுங்கி மதுரனின் போனுக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். உள்ளே இருந்த மெல்லிய கம்பி எதிலும் அறுந்திருக்கவில்லை. திருப்பிப் போட்டாள். சட்டத்தில் எர்த் முறுக்கியிருந்த இடத்தைக் கையால் தடவினாள். அங்கே துருவே இல்லை, யாரோ தேய்த்து மினுக்கியிருந்தார்கள். பெட்டிக்குள் வரும் சிவப்பு வயரில் பல்பை வைத்தாள். எரியவில்லை.

"இஞ்ச வரல்ல," என்றாள், தன்னையறியாமல் உரத்து.

பெற்றரியில் இருக்கிறது, பெட்டியில் இல்லை. இடையில் இருப்பது ஒரு வயர்தான். அவள் முழந்தாளில் இருந்து அந்தத் தடித்த சிவப்பு வயரைக் கையால் பிடித்துக்கொண்டே போனாள். அவர் தாளில் கீறிக் காட்டியபோது அது பெற்றரியிலிருந்து நேரே பெட்டிக்குப் போயிருந்தது. இங்கே அது பலகைக்குக் கீழே திரும்பி, கட்டிலின் தலைமாட்டுக்குப் போனது. வழி நெடுகக் கிளிப் அடித்திருந்தார், ஒரே இடைவெளியில், வடிவாக. மெத்தை ஓரத்தில், படுத்தபடியே கை எட்டும் இடத்தில், அவள் விரல்களில் ஒரு குமிழ் தட்டுப்பட்டது. பஸ்களில் மொத்தக் கரண்டையும் வெட்டுவதற்குப் பூட்டியிருக்கும் சுவிச்சு. டிப்போவுக்கு அவருக்குச் சாப்பாடு கொண்டுபோன நாட்களில் கண்டிருக்கிறாள்.

அவள் அதைத் திருப்பினாள்.

கரவன் முழுக்க ஒரே நேரத்தில் விழித்துக்கொண்டது. கூரையில் இரண்டு லைட்டுகள். கட்டிலுக்கு மேலே வாசிக்க ஒரு சின்ன லைட். மூலையில் ஒரு சிறிய குளிர்ப்பெட்டி உறுமத் தொடங்கியது. கூரைக் காற்றாடி மெதுவாக அசைந்து, பிறகு வேகம் பிடித்தது. ரேடியோவில் ஒரு பெண் நேயர்களின் பெயர்களைப் பாதியிலிருந்து வாசித்துக்கொண்டுபோனாள். நேற்று விடிய அவர் எழும்பிப் போகும்போது எதையும் தனித்தனியாக நிறுத்தவில்லை. குமிழை மட்டும் திருப்பிவிட்டுப் போயிருக்கிறார்.

"மாமி!" மதுரன் சிரித்தேவிட்டான். "மாமா இத்தின வருசமாத் தேடினத நீங்க ஒரு நிமிசத்தில கண்டுபிடிச்சிட்டீங்க! என்ன பிழை மாமி? எங்க இரிந்த?"

அவள் குமிழிலிருந்து கையை எடுத்தாள். அவன் சுற்றிப் பார்த்தான். மெத்தையில் வெளுத்த விரிப்பு, இரண்டாக மடித்த போர்வை. மேசையில் கவிழ்த்து வைத்த ஒரு கோப்பை. ஒன்றுதான். கட்டிலும் ஒருவருக்கானது. மற்றப் பாதியை அரிந்து எடுத்து அந்த இடத்தில் ஒரு சாய்வு நாற்காலி போட்டிருந்தார். நாற்காலியின் கைகள் தேய்ந்து மினுங்கின.

மதுரனின் சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. அவன் ரேடியோவை நிறுத்தினான். பிறகு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கூரையைப் பார்த்தான்.

"நான்... இந்த லைட்டுல ஒண்டக் கழட்டுறன் மாமி. வயர் நீளம் காணும். யன்னலால எடுத்துக் கொடுத்தா ஹோலுக்குப் போயிரும்."

"எடு."

அவன் அவசர அவசரமாக வேலை செய்தான். பாதியில் அவன் போன் சார்ச் தீர்ந்து அணைந்தது. வயரை வெளியே தள்ளுவதற்காக யன்னலின் பொலித்தீனைக் கிழித்தான். லைட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மழைக்குள் இறங்கியவன் திரும்பி, "உங்கட போன்லதான் மாமி இனிக் காட்டோணும். விஜிக்குச் சொல்லிவிடுறன், அஜந்தாட போன்லயும் சார்ச் இல்ல, ஒரு மெசேச் போடத்தான் காணும்," என்றான். பிறகு வயரை இழுத்துக்கொண்டு ஹோல் பக்கம் ஓடினான்.

அவள் அந்த நாற்காலியில் இருக்கவில்லை. கட்டிலின் விளிம்பில் இருந்தாள். காற்றாடிக் காற்று நேரே தலையணை இருக்கும் இடத்தில் விழுந்தது. சித்திரை மாதத்து இரவுகளில் நெல் மூட்டைகளின் சூட்டில், விசிறிகூட அசையாத அந்த அறையில், பாவம் அந்த மனிசன் தகரத்துக்குள் கிடந்து அவிகிறாரே என்று நினைத்துக்கொண்டு புரண்டது ஞாபகம் வந்தது. ஒரு நாள் செம்பில் தண்ணீர் எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டியுமிருக்கிறாள். "தொடாத! கரண்ட்!" என்று உள்ளிருந்து கத்தினார். செம்பைப் படியில் வைத்துவிட்டுப் போனாள்.

வாசலில் குடை ஒன்று மடங்கியது. பாறூக். சறத்தை முழங்காலுக்குமேல் மடித்துக் கட்டியிருந்தார். ரோட்டு முனையில் மோட்டார்சைக்கிளை விட்டுவிட்டுத் தண்ணீரில் நடந்து வந்திருக்கிறார்.

"தங்கச்சி, இஞ்சயா இரிக்கிங்க? அவனப் பாத்திட்டு வாறன். நம்ப ஏலாமக் கிடக்கு." கண்களைத் துடைத்துக்கொண்டே தலையை உள்ளே நீட்டினார். வெளிச்சத்தைப் பார்த்ததும் முகம் இளகியது. "அந்தச் சோலார் வேலை செய்யிதுதானே? இந்த அடை மழைக்கும் பெற்றரி நிக்கிது பாருங்க. போன வருசம் நான்தான் தேடி எடுத்துக் குடுத்த."

கூரைமேல் ஒரு கண்ணாடித் தகடு இருப்பது அவளுக்குத் தெரியும். ஒழுக்கை மறைக்கப் போட்டது என்று அவர் சொல்லியிருந்தார்.

"நீங்க இதுக்குள்ள வந்திரிக்கிங்களா, பாறூக் நானா?"

"வராம? கடைப் பக்கம் அவன் வந்தா நான் விட மாட்டன். நான் இஞ்சால வந்தா அவன் விட மாட்டான். பின்பக்கத்து வாவிக்கரையால வந்தா வீட்டாக்களுக்குக் கரைச்சல் இல்லெண்டு சொல்லுவான். இந்த மேசையிலதான் பிளேன்ரீ ஊத்தித் தருவான். இந்தக் கதிரையில மவராசன் மாதிரிச் சாஞ்சிக்கிட்டு, 'பாறூக், இதுக்குள்ள வந்து இருந்தா எனக்கு இனி எங்கயுமே போகத் தேவல்ல மச்சான்' எண்டுவான். சிரிச்சிக்கிட்டேதான் சொல்லுவான்."

அவர் வாசலில் நின்று மூக்கை உறிஞ்சினார். மழை குடையிலிருந்து படியில் சொட்டியது.

"வாங்கக்குள்ள சொன்னான், 'இது என்ட மனிசிக்கு ஊர் காட்ட' எண்டு. வயரிங்கெல்லாம் ஒரு கிழமையில நானும் அவனுமா முடிச்சிட்டம், முதல் வருசமே. வேல தெரிஞ்ச கை. மறுகா இதுல எங்க போனீங்க எண்டு கேக்கத்தான் எனக்கு ஒருக்காலும் ஞாபகம் வரல்ல." அவர் அன்போடு அவளைப் பார்த்தார். செத்தவீட்டில் நல்ல நாட்களைப் பற்றிப் பேசுவது ஆறுதல் என்று நினைக்கும் மனிதர். "எங்கயெல்லாம் போனீங்க தங்கச்சி, இதுல?"

மங்கையற்கரசி தன் உள்ளங்கைகளைப் பார்த்தாள். கிறீஸ் ஒட்டியிருந்தது.

"கதிர்காமம்," என்றாள்.

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் பாறூக். "அது போதும். காட்டிட்டுத்தான் போயிரிக்கான்." குடையை விரித்துக்கொண்டு திரும்பினார். "நான் ஆம்புளயளோட நிக்கிறன். ட்ரக்டர் சத்தம் கேக்குது."

கிழிந்த பொலித்தீன் வழியாக எதிரே ஹோல் யன்னல் தெரிந்தது. அதுவரை கறுப்பாக இருந்த சதுரம் திடீரென்று வெள்ளையானது. உள்ளே பெண்கள் "ஐயோ, என்ட ராசா" என்று புதிதாக ஓலமிட்டார்கள். இப்போது அவர் முகம் தெரிகிறது. ஒவ்வொரு மயிரும் தெரியும். நெற்றியில் அவளே காலையில் பூசிவிட்ட திருநீறும் தெரியும்.

மடியில் இருந்த போன் அடித்தது. விஜிதரன். அவள் அழுத்தியதும் அவன் முகம் திரையை நிறைத்தது. தொப்பிகள் தொங்கும் ஒரு சுவரோடு சாய்ந்து இருந்தான். கண்கள் வீங்கியிருந்தன.

"அம்மா! லைட் வந்திட்டாம், அக்கா மெசேச் போட்டா. எங்க இரிக்கிங்க? உங்களுக்குப் பின்னால என்ன, காத்தாடியா?" அவன் கிட்ட வந்து பார்த்தான். "அது கரவனா? ஐயோ அம்மா. அப்பா சரிக்கட்டிட்டாரா? சாகிறதுக்கு முதல் சரிக்கட்டிட்டாரா?"

ஒழுங்கைத் தண்ணீரைப் பிளந்துகொண்டு ட்ரக்டர் வளவுக்குள் திரும்பியது. பெட்டியை இறக்கச் சொல்லி மதுரன் கத்தினான். "அம்மா, வாங்க! தூக்கப் போறாங்க!" என்று அஜந்தா யன்னலில் நின்று கூப்பிட்டாள். அவளுக்குப் பின்னால் இருந்த வெளிச்சத்தில் அவள் முகம் தெரியவில்லை.

"அம்மா, கெதியாப் போங்க," என்றான் விஜிதரன். "நீங்க பக்கத்தில நிண்டு காட்டுங்க. அப்பாட முகத்த ஒருக்கா. ஒரேயொருக்காக் காட்டினாக் காணும்."

அவள் போனை மெத்தையில், தலைமாட்டில், மல்லாக்க வைத்தாள். அங்கிருந்து பார்த்தால் கூரையும், சுற்றிக்கொண்டிருக்கும் காற்றாடியும் மட்டும்தான் அவனுக்குத் தெரியும். அவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி இருந்தாள். குளிர்ப்பெட்டி ஒருமுறை உறுமி ஓய்ந்தது.

"அம்மா? கேக்குதா? முகத்தக் காட்டுங்க அம்மா."